சேறு கண்ட வண்டி: பழைய டிராக்டர் வாங்கும் முன்

பழைய டிராக்டர் பார்க்கப் போகிறவர்கள் மாடல் என்ன, எந்த வருஷம், எத்தனை மணி ஓடியிருக்கிறது, டயர் எவ்வளவு இருக்கிறது என்று கேட்கிறார்கள். விற்பவரும் அதற்கெல்லாம் பதில் தயாராக வைத்திருப்பார். கூடவே இன்னொன்றையும் கேளுங்கள்: இந்த வண்டி எந்த ஊர் மண்ணில், என்ன வேலை பார்த்தது? பத்து வருஷம் புன்செய்யில் கொத்துக் கலப்பை இழுத்த வண்டி, பத்து வருஷம் கேஜ் வீல் மாட்டி நெல் வயலில் சேறடித்த வண்டி, பத்து வருஷம் செங்கல் சூளைக்கு லோடு அடித்த வண்டி மூன்றும் ஒரே கம்பெனி, ஒரே மாடலாக இருக்கலாம். ஆனால் ஒவ்வொன்றும் வேறு வேறு இடத்தில் தேய்ந்திருக்கும். அந்த இடங்களைத் தெரிந்துகொண்டு போகிறவருக்கு வண்டியே தன் கதையைச் சொல்லிவிடும். தெரியாமல் போகிறவர் புதுப் பெயிண்டையும் புது சீட் கவரையும் பார்த்துவிட்டுத் திரும்புவார்.

இதை நான் கொல்கத்தாவின் ஜாதவ்பூரிலிருந்து எழுதுகிறேன். பல்கலைக்கழகமும் அடுக்குமாடிகளும் கடைத்தெருவுமாக இருக்கும் இந்தப் பகுதியில் உழவு டிராக்டருக்கு வேலை கிடையாது. ஆனால் ஜாதவ்பூர் ஸ்டேஷனில் தெற்கே போகும் லோக்கல் ரயிலில் ஏறிக் கரியா, நரேந்திரபூர், சோனார்பூர் என்று போகப் போக வீடுகள் குறைந்து வயல் வந்துவிடும். சோனார்பூரில் பிரியும் ஒரு தடம் மாத்லா ஆற்றங்கரையில் உள்ள கேனிங்குக்குப் போகிறது. இன்னொன்று கொய்யாவுக்குப் பேர்போன பாருய்பூருக்கு. தென் 24 பர்கனா மாவட்டத்தின் இந்தத் தாழ்ந்த நிலம் நம் காவிரிக் கடைமடையைச் சேர்ந்தவருக்குப் புதிதாகத் தெரியாது. அதே களிமண், அதே நெல், மழைக்காலத்தில் வடியாத தண்ணீர், கடல் பொங்கினால் வயலுக்குள் ஏறும் உப்பு. ஒரு டிராக்டரை உள்ளிருந்து அரிப்பதில் சேற்றையும் உப்புத் தண்ணீரையும் மிஞ்ச எதுவும் இல்லை. அதனால் இந்த அத்தியாயத்தில் நன்செய்யில் ஓடிய வண்டிக்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

வாங்குவதற்கு முன் ஒரு கணக்கு

2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஒரு சாகுபடியாளரின் சராசரி நிலம் 0.75 ஹெக்டேர்; மேற்கு வங்கத்தில் 0.76. இரண்டு இடத்திலும் இரண்டு ஏக்கருக்குக் கீழ்தான். இவ்வளவு நிலத்தை மட்டும் உழுவதற்குச் சொந்த டிராக்டர் கட்டுப்படியாகாது. தெற்கு வங்கத்தின் சின்னச் சின்ன வயல்களில் பவர் டில்லர் இவ்வளவு பரவியதற்கும் இதுதான் காரணம். உங்கள் நிலத்தோடு அக்கம்பக்கத்து வாடகை உழவும் நிச்சயமாகக் கிடைக்குமா, ஏற்கெனவே ஊரில் எத்தனை வண்டி வாடகைக்கு ஓடுகிறது, வேளாண்மைப் பொறியியல் துறை வண்டி என்ன வாடகைக்கு வருகிறது என்று விசாரித்து, ஒரு வருஷத்துக்கு எத்தனை மணி வேலை கிடைக்கும் என்று எழுதிப் பாருங்கள். அந்தக் கணக்கு தேறாவிட்டால் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள். கொட்டகையில் சும்மா நிற்கும் டிராக்டருக்கும் பேட்டரி இறங்கும், சீல் காயும், டயர் வெடிக்கும்.

எந்தக் கம்பெனி நல்லது என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது: உங்கள் தாலுகா தலைநகரில் எந்த வண்டியின் கிளட்ச் பிளேட்டும் ஆயில் சீலும் அன்றைக்கே கிடைக்கிறதோ, எந்த வண்டியைப் பிரித்துப் பழகிய மெக்கானிக் சைக்கிள் தூரத்தில் இருக்கிறாரோ, அதுவே நல்லது. நடவு நேரத்தில் ஒரு சீலுக்காக நான்கு நாள் வண்டி நின்றால் அந்தப் பருவத்து வாடகையே போய்விடும். எச்.எம்.டி. வண்டிகள் நல்ல உழைப்பாளிகள். இன்றும் பல ஊர்களில் ஓடுகின்றன. ஆனால் 2016-ல் மத்திய அரசு பிஞ்ஜோர் டிராக்டர் பிரிவை மூட முடிவெடுத்துவிட்டது. மலிவு விலைக்கு ஒரு எச்.எம்.டி. வந்தால் விலையைப் பேசுவதற்கு முன் உதிரிபாகம் எங்கே கிடைக்கும் என்று கேளுங்கள். ஸ்வராஜ் வண்டிக்கு அந்தக் கவலை இல்லை. இந்தியாவிலேயே வரைந்து உருவான அந்த டிராக்டர் பிறந்தது மேற்கு வங்கத்தின் துர்காபூரில், மத்திய இயந்திரப் பொறியியல் ஆராய்ச்சி நிறுவனத்தில் என்பதை இங்கே சொல்லிவிடத் தோன்றுகிறது. தயாரிப்பு பஞ்சாபில் 1974-ல் தொடங்கியது.

குதிரைத்திறனைப் பற்றியும் ஒரு வார்த்தை. பானெட்டில் ஒட்டியிருப்பது இன்ஜின் சக்தி. ரொட்டாவேட்டருக்குப் போய்ச் சேர்வது பி.டி.ஓ. சக்தி, அது எப்போதும் குறைவாகத்தான் இருக்கும். மத்தியப் பிரதேசத்தின் புத்னியில் உள்ள மத்திய அரசின் பண்ணை இயந்திரச் சோதனை நிலையம் மாடல் வாரியாக பி.டி.ஓ. சக்தி, டீசல் செலவு, லிஃப்ட் தூக்கும் எடை எல்லாவற்றையும் அளந்து அறிக்கை வெளியிடுகிறது. உங்களிடம் ஏற்கெனவே ரொட்டாவேட்டர் இருந்தால் அதற்கு எத்தனை பி.டி.ஓ. குதிரைத்திறன் வேண்டும் என்று பார்த்து, பிறகு வண்டியைத் தேடுங்கள்.

கீழே படுத்துப் பாருங்கள்

காலையில் முதல் ஆளாகப் போங்கள். "நான் வரும்வரை ஸ்டார்ட் பண்ண வேண்டாம், கழுவவும் வேண்டாம்" என்று முந்தின நாளே சொல்லிவிடுங்கள். போனதும் சைலன்சரில் கை வையுங்கள். சூடாக இருந்தால், குளிரில் ஸ்டார்ட் ஆகச் சிரமப்படும் வண்டியை உங்களுக்காக முன்கூட்டியே ஓட்டி வைத்திருக்கிறார்கள் என்று நினைக்க இடமிருக்கிறது. பளபளவென்று கழுவி வைத்திருந்தால் ஆயில் கசிவின் தடமும் சேர்ந்து போயிருக்கும். அப்படியானால் வேலை பார்க்க விட்டு, மாலையில் மறுபடியும் அடியில் பாருங்கள். கையில் ஒரு டார்ச், பழைய துணி, ஸ்பேனர், கண்ணாடி பாட்டில், படுக்க ஒரு சாக்கு இருக்கட்டும். தெரிந்த மெக்கானிக்கை அழைத்துப் போங்கள். அவருடைய கூலியை நீங்களே கொடுங்கள். புரோக்கர் கூட்டிவரும் மெக்கானிக்கை நம்பி முடிவெடுக்காதீர்கள்.

முதல் சோதனை கியர்பாக்ஸ் ஆயில். நன்செய் வண்டிக்கு இதைவிட முக்கியமான சோதனை இல்லை என்பது என் கருத்து. சேறடிக்கும்போது பின் ஆக்சில் வரை வண்டி இறங்குகிறது. கேஜ் வீலின் இழுப்பு ஆக்சிலின் மேல் விழ, ஆயில் சீல் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்கிறது. அந்த இடைவெளி வழியாக ஆயில் வெளியே வருவது கண்ணுக்குத் தெரியும். சேற்றுத்தண்ணீர் உள்ளே போவது தெரியாது. கியர் லீவரின் ரப்பர் கிழிந்திருந்தால் மழையும் அந்த வழியாக இறங்கும். பல மாடல்களில் கியர், டிஃபரன்ஷியல், ஹைட்ராலிக், ஆயில் பிரேக் நான்குக்கும் ஒரே ஆயில்தான். அதில் தண்ணீர் கலந்தால் பேரிங்கிலிருந்து லிஃப்ட் பம்ப் வரை எல்லாவற்றையும் அது தின்னும்.

சோதனையை இப்படிச் செய்யுங்கள். ராத்திரி முழுக்க அசையாமல் நின்ற வண்டியில் தண்ணீர் ஆயிலைவிடக் கனமானதால் அடியில் தங்கியிருக்கும். விற்பவரிடம் சொல்லிவிட்டு, கியர்பாக்ஸின் அடியில் உள்ள டிரெயின் போல்ட்டை முழுசாகக் கழற்றாமல், சொட்டுச் சொட்டாக வரும் அளவுக்கு மட்டும் தளர்த்துங்கள். அடியில் கண்ணாடி பாட்டிலைப் பிடியுங்கள். முதலில் தெளிந்த தண்ணீர் வந்து, பிறகு ஆயில் வந்தால் விஷயம் வெளிப்படை. நிறைய நாளாகக் கலக்கி ஓட்டிய வண்டியில் தண்ணீர் தனியாக நிற்காது. ஆயிலே பால் விட்ட காப்பி நிறத்தில் வரும். சந்தேகமாக இருந்தால் ஒரு சொட்டை, இன்ஜினை ஓட்டி முடித்த பிறகு, சூடான சைலன்சரின் மேல் விடுங்கள். சுத்தமான ஆயில் சத்தமில்லாமல் புகையும். தண்ணீர் கலந்தது சடசடவென்று தெறிக்கும்; முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். டிரெயின் போல்ட்டில் காந்தம் இருந்தால் அதில் ஒட்டியிருப்பதையும் விரலால் தேய்த்துப் பாருங்கள். மாவு போன்ற கரும்பசை ஒட்டியிருப்பது சாதாரணம். விரலில் குத்தும் துண்டுகள் இருந்தால் கியர் பல்லோ பேரிங்கோ உடைகிறது என்று அர்த்தம். டிரெயின் போல்ட்டைத் தொடவே விடமாட்டேன் என்று ஒருவர் நின்றால், அதுவும் ஒரு பதில்தான்.

இரண்டாவது, இன்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் கிளட்ச் ஹவுசிங். அதன் அடியில் சின்ன ஓட்டை ஒன்று இருக்கும். பலவற்றில் அதில் ஒரு காட்டர் பின் தொங்கும். அந்த ஓட்டையிலிருந்து ஆயில் சொட்டினால் இன்ஜின் பின் சீலோ கியர்பாக்ஸ் முன் சீலோ போயிருக்கிறது. சீலின் விலை கொஞ்சம்தான். ஆனால் அதை மாற்ற வண்டியை இரண்டாகப் பிரிக்க வேண்டும், பிரித்த பிறகு கிளட்ச் பிளேட்டையும் பிரஷர் பிளேட்டையும் மாற்றாமல் யாரும் மூடமாட்டார்கள். ஓட்டையே சேறு காய்ந்து அடைத்திருந்தால், வண்டி அந்த ஆழம் வரை தண்ணீரில் நின்றிருக்கிறது.

பிறகு விரிசல். டிராக்டருக்கு லாரி மாதிரி தனி சேசிஸ் கிடையாது. இன்ஜின், கியர்பாக்ஸ், பின் ஆக்சில் ஆகிய வார்ப்பிரும்புப் பெட்டிகள் ஒன்றோடொன்று போல்ட் போட்டு நிற்பதுதான் வண்டி. முன்னால் டோசரோ லோடரோ மாட்டி ஓட்டிய வண்டியில் முன் ஆக்சில் பிராக்கெட்டும், கேஜ் வீலில் வரப்பு ஏறி இறங்கிய வண்டியில் பின் ஆக்சில் குழாயும் விரிசல் விட்டிருக்கலாம். வார்ப்பிரும்பில் வெல்டிங் தடம் கண்டால் எவ்வளவு அழகாக வைத்திருந்தாலும் விலகிவிடுங்கள். பெட்டிகள் சேரும் இடத்து போல்ட்டுகளில் பெயிண்ட் உடைந்திருந்தால் பிரித்திருக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டு, எப்போது, எதற்கு, பில் இருக்கிறதா என்று கேளுங்கள். பிரித்து நல்லபடியாக வேலை பார்த்த வண்டி குறை உள்ள வண்டி ஆகிவிடாது.

முன் ஆக்சிலை ஜாக்கி வைத்துத் தூக்கி, டயரை மேலும் கீழுமாகவும் பக்கவாட்டிலும் ஆட்டுங்கள். கிங்பின், சென்டர் பின், ஹப் பேரிங் ஆட்டம் கையிலேயே தெரியும். பின்னால் டிரெய்லர் கொக்கி மாட்டும் ஓட்டையைப் பாருங்கள். வட்டமாக இருக்க வேண்டியது முட்டை வடிவில் இழுபட்டு, லிஃப்டின் கீழ்க்கைகளும் பந்து முனைகளும் புதிதாகவே இருந்தால் அது உழவைவிட லோடு அதிகம் அடித்த வண்டி. அதில் பிரேக்கையும் கிளட்சையும் இரட்டிப்பு கவனத்தோடு பாருங்கள். லோடு வண்டியின் பின் டயரில் கட்டைகள் நடுவில் மழுங்கியிருக்கும். டயரின் பக்கவாட்டில் தயாரான வாரமும் வருஷமும் பெரும்பாலும் நான்கு இலக்கமாக அடித்திருக்கும். பின் டயர் ஒரு ஜோடி மாற்றுவது பெரிய செலவு. அதை அன்றைய கடை விலையில் கேட்டு வைத்துக்கொண்டு, அந்தத் தொகையை வண்டி விலையிலிருந்து கழித்துப் பேசுங்கள்.

உப்புத் தண்ணீர் ஏறிய வண்டி

மழைத்தண்ணீரில் மூழ்கிய வண்டியைப் பிரித்துத் துடைத்து ஆயில் மாற்றினால் பெரும்பாலும் பிழைத்துவிடும். கடல் தண்ணீர் அப்படி விடாது. உப்பு காய்ந்த பிறகும் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும், துரு நிற்காது. ஒயரின் உள்ளே, ஆல்டர்னேட்டரில், ஸ்டார்ட்டர் மோட்டாரில், பேரிங்கின் உருளைகளுக்கு நடுவில் அரிப்பு மாதக்கணக்கில் நடந்து, வண்டி கைமாறிய பிறகுதான் வெளியே தெரியும்.

அதனால் புயல் தேதிகளை மனதில் வையுங்கள். வங்கத்துக் கரையில் 2009 மே 25 ஐலா, 2020 மே 20 ஆம்பன், 2021 மே 26 யாஸ். சுந்தரவனத்துக் கரைகள் உடைந்து வயல்களில் உப்புத் தண்ணீர் நின்ற நாட்கள் இவை. ஆம்பன் அன்று ஜாதவ்பூரிலேயே மரங்கள் சாய்ந்தன. நம் பக்கம் 2011 டிசம்பர் 30 கடலூரைத் தாக்கிய தானே, 2018 நவம்பர் 16 வேதாரண்யத்தில் கரையேறிய கஜா. 2015 கடலூர், சென்னை வெள்ளமும், 2023 டிசம்பர் தூத்துக்குடி, திருநெல்வேலி வெள்ளமும் மழைத்தண்ணீர் என்றாலும் வண்டி நாள்கணக்கில் மூழ்கியிருந்தால் பாதிப்புதான். ஆர்.சி.யில் உள்ள ஊரையும் வருஷத்தையும் இந்தத் தேதிகளோடு வைத்துப் பாருங்கள். அப்போது வண்டி எங்கே நின்றது என்று நேராகக் கேளுங்கள். பக்கத்து வீட்டிலும் கேளுங்கள்.

வண்டியிலேயும் தடம் இருக்கும். ஹெட்லைட் கண்ணாடிக்குள் மண் கோடு. மீட்டர் பெட்டிக்குள் பனி படிந்த மாதிரி மங்கல். மட்கார்டின் உள்மடிப்பில், பேட்டரிப் பெட்டியின் அடியில், கருவிப்பெட்டி மூலையில் காய்ந்த வண்டல். ஒரு ஒயர் இணைப்பை உருவிப் பாருங்கள்: செம்பு பச்சை பூத்திருந்தால் உப்பு வந்து போயிருக்கிறது. வயரிங் முழுக்கப் புதிது, மற்றவை பழசு என்றால் காரணம் கேளுங்கள். பின் டயரில் கனத்துக்காகத் தண்ணீர் நிரப்புவது இரண்டு மாநிலத்திலும் உண்டு. வால்வு கீழே வரும்படி சக்கரத்தை நிறுத்தி ஊசியை லேசாக அமுக்கினால் தண்ணீர் பீச்சும். வால்வு ஓட்டையைச் சுற்றி ரிம் பொரிந்திருந்தால் டியூப் கசிந்து உள்பக்கம் துரு ஓடியிருக்கும். ரிம்மைச் சுத்தியலால் மெல்லத் தட்டிப் பாருங்கள். இரும்பு இருக்கும் இடமும் துரு மட்டும் இருக்கும் இடமும் வேறு வேறு சத்தம் கொடுக்கும்.

இன்ஜின்

இதை எல்லோரும் பார்க்கிறார்கள் என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். ஸ்டார்ட் செய்யும் முன் ரேடியேட்டர் மூடியைத் திறந்து பாருங்கள். தண்ணீரின் மேல் எண்ணெய் மிதப்பதும், இன்ஜின் டிப்ஸ்டிக்கில் ஆயில் வெளுத்திருப்பதும் ஹெட் கேஸ்கெட் அல்லது அதைவிடப் பெரிய வேலைக்கு அடையாளம். குளிர்ந்த வண்டி ஓரிரு சுற்றில் எடுத்துக்கொள்ள வேண்டும். முதல் நிமிஷத்தில் கொஞ்சம் வெள்ளைப் புகை வரலாம். சூடான பிறகும் நீலப்புகை நிற்காவிட்டால் ஆயில் எரிகிறது. திடீரென்று ஆக்சிலரேட்டர் கொடுக்கும்போது கறுத்து, உடனே தெளிந்தால் பரவாயில்லை. கறுத்தபடியே இருந்தால் நாசிலோ பம்போ ஏர் ஃபில்டரோ பார்க்க வேண்டும். சூடான இன்ஜினில் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து உள்ளங்கையை மேலே பிடியுங்கள். புஸ் புஸ்ஸென்று வேகமாகக் காற்றும் புகையும் அடித்தால், மெக்கானிக்குகள் பேக் கம்ப்ரஷன் என்று சொல்வது அதுதான்: பிஸ்டன் ரிங்கும் லைனரும் தேய்ந்துவிட்டன, இன்ஜின் வேலை வந்துவிட்டது.

மணிமீட்டரை மட்டும் நம்பி விலை பேசாதீர்கள். பழைய கேபிள் மீட்டர் இன்ஜின் சுற்றைத்தான் எண்ணுகிறது. குறைந்த சுற்றில் ஓடினால் ஒரு மணி நேரத்துக்கு ஒரு மணிக்குக் குறைவாகவே ஏறும். கேபிள் அறுந்து வருஷக்கணக்கில் ஓடிய வண்டிகளும் உண்டு. வேளாண் பொறியியல் பாடநூல்களில் டிராக்டருக்கு ஆண்டுக்கு 1,000 மணி, 10 ஆண்டு ஆயுள் என்று வைத்துக் கணக்குப் போடுவது வழக்கம். வாடகைக்கு ஓடிய எட்டு வருஷ வண்டியில் 2,000 மணி காட்டினால், கிளட்ச் பெடலின் ரப்பர், ஸ்டீரிங் சக்கரத்தின் வழவழப்பு, கால் வைக்கும் தகட்டின் தேய்மானம் இவற்றையும் பாருங்கள்.

2023 ஜனவரி முதல் 50 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட புது டிராக்டர்களுக்குப் புதிய புகை விதிகள் வந்துவிட்டன. அந்த வகை வண்டிகளில் கம்ப்யூட்டர் கட்டுப்படுத்தும் டீசல் அமைப்பு இருக்கிறது. செகண்ட் ஹேண்ட் சந்தைக்கு அவையும் வரத் தொடங்கும்போது, கம்பெனி சர்வீஸ் சென்டரில் ஸ்கேன் செய்து பார்க்காமல் வாங்கக் கூடாது. ஊர் மெக்கானிக் காதால் கேட்டுச் சொல்லும் காரியம் இல்லை அது.

வேலை கொடுத்துப் பாருங்கள்

முற்றத்தில் நின்று உறுமும் இன்ஜின் எதையும் காட்டாது. வயலில் இறக்கி ஒரு மணி நேரமாவது வேலை வாங்குங்கள். ரொட்டாவேட்டரோ ஒன்பது கொத்துக் கலப்பையோ மாட்டச் சொல்லுங்கள். டீசலுக்கு நீங்களே காசு கொடுங்கள். டேங்கை விளிம்பு வரை நிரப்பிவிட்டுத் தொடங்கி, முடிந்ததும் மறுபடி விளிம்பு வரை நிரப்பினால் எவ்வளவு குடித்தது என்பது கையோடு தெரியும்.

லிஃப்டைத் தொடக்கத்தில் ஒரு முறையும் கடைசியில் ஒரு முறையும் சோதியுங்கள். ஆயில் குளிர்ந்து கெட்டியாக இருக்கும்போது தேய்ந்த பம்பும் எடையைத் தூக்கிவிடும். சூடேறி நீர்த்த பிறகுதான் உண்மை வெளியே வரும். ரொட்டாவேட்டரை முழு உயரம் தூக்கி இன்ஜினை நிறுத்திவிட்டு, பத்து நிமிஷம் பேசிக்கொண்டிருங்கள். கொஞ்சம் இறங்குவது இயல்பு. கண்ணெதிரே தரையைத் தொட்டுவிட்டால் சிலிண்டர் ஓ-ரிங்கோ கன்ட்ரோல் வால்வோ கசிகிறது. தூக்கியிருக்கும் கருவிக்கு அடியில் மட்டும் கையையோ காலையோ விடாதீர்கள்.

கிளட்சுக்கு: சமதளத்தில் இரண்டு பிரேக்கையும் அழுத்திப் பிடித்து, உயர் கியர் போட்டு, பெடலை மெதுவாக விடுங்கள். இன்ஜின் அடங்கி நிற்க வேண்டும். நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தால் பிளேட் வழுக்குகிறது. டூயல் கிளட்ச் வண்டியில் பாதி மிதித்தால் வண்டி நின்று பி.டி.ஓ. சுற்ற வேண்டும், முழுக்க மிதித்தால் பி.டி.ஓ.வும் நிற்க வேண்டும். உழும்போது கியர் தானாக நழுவினால் கியர்பாக்ஸ் திறக்க வேண்டிய வேலை. இடது வலது பிரேக்கைத் தனித்தனியாகப் பிரித்து இரண்டு பக்கமும் ஒரே மாதிரி திருப்புகிறதா என்று பாருங்கள். பிறகு இரண்டையும் பூட்டி, ரோட்டில் வேகமாக வந்து மிதியுங்கள். ஒரு பக்கம் இழுக்கும் வண்டி டிரெய்லரோடு வரும்போது ஆளைக் கவிழ்க்கும். இதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

காகிதம்

ஆர்.சி.யைக் கையில் வாங்கி, எம்-பரிவாகன் செயலியில் அதே நம்பரைப் போட்டுப் பாருங்கள். இன்ஜின் நம்பரையும் சேசிஸ் நம்பரையும் வண்டியிலேயே தேடி, மேலே காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுங்கள். அந்த இடம் மட்டும் அரம் போட்ட மாதிரியோ புதுப் பெயிண்டோடோ இருந்தால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். திருட்டு வண்டியா என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் வாகன் சமன்வய தளத்தில் பார்க்கலாம்.

கடன் இருந்த வண்டி என்றால் வங்கியின் தடையில்லாச் சான்றும் 35-ஆம் படிவமும் வாங்கி, ஆர்.சி.யில் எச்.பி. (கடன் பதிவு) கேன்சல் ஆன பிறகே முழுப் பணம். மானியத்தில் எடுத்த வண்டியைக் குறிப்பிட்ட காலத்துக்குள் விற்கக் கூடாது என்ற நிபந்தனை இருக்கலாம். வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில் விசாரியுங்கள். 29, 30 படிவங்களில் ஆர்.சி.யில் பெயர் உள்ளவரே உங்கள் முன் கையெழுத்துப் போட வேண்டும். கையெழுத்து மட்டும் போட்ட வெற்றுப் படிவத்தோடு மூன்று கை மாறி வரும் வண்டி எவ்வளவு நன்றாக ஓடினாலும் வேண்டாம். உரிமையாளர் இறந்திருந்தால் வாரிசு 31-ஆம் படிவத்தில் முதலில் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டு பிறகு விற்கட்டும். பஞ்சாபிலிருந்தோ வங்கத்திலிருந்தோ ஆந்திரத்திலிருந்தோ வரும் வண்டிக்கு அங்குள்ள ஆர்.டி.ஓ.வின் தடையில்லாச் சான்று, 28-ஆம் படிவத்தில், வண்டியோடு வர வேண்டும். டிரெய்லருக்குத் தனிப் பதிவு உண்டு, அதையும் கேளுங்கள்.

பெயர் மாற்றத்தைத் தள்ளிப் போடும் பழக்கம் நம் ஊர்களில் அதிகம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 50-ஆவது பிரிவு வாங்குபவருக்கு 30 நாள் கொடுக்கிறது. விற்பவர் அதே மாநிலத்துக்குள் விற்றால் 14 நாளில் தெரிவிக்க வேண்டும். நவீன் குமார் வழக்கில் 2018-ல் உச்ச நீதிமன்றம், விபத்து நடந்தால் பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், இழப்பீடும் அவர் பொறுப்பு என்று சொல்லிவிட்டது. பெயரை உடனே மாற்றுவது விற்பவருக்கு நல்லது என்பதைப் பேச்சோடு பேச்சாக எடுத்துச் சொல்லுங்கள். கையெழுத்துப் போட அவரே உங்களோடு ஆர்.டி.ஓ. அலுவலகம் வருவார். இன்சூரன்ஸை 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற எழுதிக் கொடுங்கள். நடுவில் இன்சூரன்ஸ் இல்லாமல் ஒரு நாள்கூட ரோட்டில் ஓட்டாதீர்கள்.

வீட்டுக்கு வந்ததும்

கையிலுள்ள பணம் முழுவதையும் விலையாகக் கொடுத்துவிடாமல், முதல் பருவத்துச் செலவுக்கென்று ஒரு தொகையை முன்பே ஒதுக்கி வைத்திருக்க வேண்டும். ஆயிலைக் கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்று யார் என்ன சொன்னாலும் சரி, இன்ஜின் ஆயில், கியர்பாக்ஸ் ஆயில், ஸ்டீரிங் ஆயில், டீசல் ஃபில்டர், ஏர் ஃபில்டர் எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றுங்கள். முன் ஹப்பைத் திறந்து பழைய கிரீஸைத் துடைத்துப் புது கிரீஸ் வையுங்கள். எல்லா நிப்பிளிலும் பழைய கிரீஸ் வெளியே வரும்வரை அடியுங்கள். மாற்றிய தேதியையும் மணிமீட்டர் காட்டுவதையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். சேறடித்து 50 மணி ஓடிய பிறகு, காலையில், அதே டிரெயின் போல்ட்டை மறுபடி சொட்டுவிடும் அளவுக்குத் தளர்த்திப் பாருங்கள். ஆயில் வெளுத்திருந்தால் பின் ஆக்சில் சீலை அடுத்த நடவு வரை தள்ளிப் போடாமல் அந்த வாரமே மாற்றிவிடுங்கள்.